ஏஐ ஏஜென்ட்டுக்கு இமேஜ் நீக்கும் டூல்: விவரிப்பில் என்னதான் எழுதுவது?

பில்டுக்காரன்:
வணக்கம். எங்கள் ஸ்டேஜிங் (வெளியிடும் முன் சோதிக்கும்) மெஷினில் ஒரு ஏஐ ஏஜென்ட்டை விட்டிருக்கிறோம். எம்சிபி (ஏஜென்ட்டோடு டூல்களை இணைக்கும் நெறிமுறை) வழியாக அதற்கு இரண்டு டூல் கொடுத்தேன். ஒன்று டாக்கர் இமேஜ்களை (ஒரு ஆப்பை, அது ஓடத் தேவையானவற்றோடு கட்டி வைத்த பொதிகளை) பட்டியலிடும், இன்னொன்று நீக்கும். நீக்கும் டூலுக்கு நான் எழுதிய விவரிப்பு (ஏஜென்ட் படிக்கும் விளக்கம்) இவ்வளவுதான்: "டாக்கர் இமேஜை நீக்கும். ஃபோர்ஸ் தேவைப்பட்டால் தரலாம்." ஃபோர்ஸ் என்பது தடையை மீறி நீக்கும் ஆப்ஷன்.

வெள்ளிக்கிழமை டிஸ்க் 94 சதவீதம் நிரம்பிவிட்டது. "பழைய பில்டுகளை எடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் லாக் இப்படி இருக்கிறது. செய்திகளைத் தமிழில் தருகிறேன் (409 என்றால் மறுப்பு, 200 என்றால் வெற்றி; டேக் என்பது இமேஜுக்கு ஒட்டும் பெயர், லேயர் என்பது இமேஜின் ஓர் அடுக்கு):

நீக்கு, ஐடி தந்து → 409, "நீக்க முடியவில்லை, ஃபோர்ஸ் செய்தாக வேண்டும், பல ரெபாசிட்டரிகள் இந்த இமேஜைச் சுட்டுகின்றன"
நீக்கு, அதே ஐடி, ஃபோர்ஸ் ட்ரூ → 200
டேக் அகற்றப்பட்டது: பேமென்ட்:பில்ட்-212
டேக் அகற்றப்பட்டது: பேமென்ட்:ரோல்பேக்
அதன்கீழ் ஏழு லேயர்கள் அழிக்கப்பட்டன.

அந்த ரோல்பேக் இமேஜ் (சிக்கல் வந்தால் திரும்பிப் போக வைத்தது) ரெஜிஸ்ட்ரியில், அதாவது இமேஜ்களைச் சேமிக்கும் பொதுக் கிடங்கில், இல்லை, இந்த மெஷினில் மட்டும்தான் இருந்தது. மறுபடி பில்டு செய்தால் அதே இமேஜ் வரவில்லை, அடித்தளமாக வைக்கும் பேஸ் இமேஜின் டேக் இதற்குள் புது வெர்ஷனுக்கு நகர்ந்துவிட்டது. கடைசியில் ஏஜென்ட், "1.2 ஜிபி மீட்கப்பட்டது" என்று பெருமையாகச் சொல்லி முடித்திருக்கிறது. டிஸ்கில் உண்மையில் காலியானது 90 எம்பிதான்.

ஏஜென்ட்டைக் குறை சொல்ல மனம் வரவில்லை. விவரிப்பை எப்படி எழுதியிருக்க வேண்டும்?

லேயர்_எண்ணி:
முதலில் அந்த 1.2 ஜிபி கதை. நீக்கியதும் டாக்கர் ஏபிஐ தருவது எந்த டேக் போனது, எது அழிந்தது என்ற பட்டியல் மட்டும்தான், அதில் அளவு கிடையாது. ஏஜென்ட் பட்டியலிடும் டூலில் பார்த்த அளவையே எடுத்துச் சொல்லியிருக்கும். அந்த அளவில் மற்ற இமேஜ்களோடு பகிரும் லேயர்களும் சேர்ந்தே இருக்கும். டாக்கர் சிஸ்டம் டிஎஃப் என்ற கமாண்டை ஹைஃபன் வி போட்டு ஓட்டினால் பகிர்வது எவ்வளவு, தனக்கே உரியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும். அந்த இரண்டாவது எண்ணைப் பட்டியலில் சேருங்கள். விவரிப்பிலும் "இமேஜ் அளவு என்பது கிடைக்கப்போகும் இடமல்ல" என்று ஒரு வரி போடுங்கள்.

இரவு_ஷிப்ட்:
எதற்கு இந்தத் தலைவலி? ஏஜென்ட்டிடமிருந்து டூலைப் பிடுங்கிவிட்டு, தினமும் ராத்திரி இமேஜ் ப்ரூன் ஹைஃபன் ஏ (பயன்படாத இமேஜ்களைத் துடைக்கும் கமாண்ட்) ஓட விடுங்கள்.

லேயர்_எண்ணி:
தலைவா, அது இதைவிட மோசம். ஹைஃபன் ஏ போட்டால் எந்தக் கன்டெய்னரும் (இமேஜிலிருந்து உருவாக்கிய பிரதி) பயன்படுத்தாத இமேஜ் எல்லாம் போய்விடும். ரோல்பேக் இமேஜ் என்பதே சும்மா காத்திருக்கும் இமேஜ்தானே? முதல் ராத்திரியே காலி. முன்கூட்டி எதெது போகும் என்று பார்க்க அதில் ட்ரை ரன்னும் கிடையாது. ப்ரூன்தான் வேண்டும் என்றால் பில்டு செய்யும்போதே லேபிள் ஒட்டி, அந்த லேபிள் உள்ளதைத் தொடாதபடி ஃபில்டர் போடுங்கள்.

ஸ்கீமா_சித்தர்:
உங்கள் லாக்கில் எனக்குக் கண்ணில் பட்டது 409-இல் வந்த செய்தி. "ஃபோர்ஸ் செய்தாக வேண்டும்" என்பதை மனிதன் படித்தால் கை ஒரு நொடி நிற்கும். ஏஜென்ட் அதையே அடுத்த படி என்று எடுத்துக்கொள்ளும். நீங்களும் "தேவைப்பட்டால் தரலாம்" என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், தேவைப்படுகிறது என்று டாக்கரே சொல்லிவிட்டது! விவரிப்பை ஏஜென்ட் வேலைக்கு முன்னால் படிக்கிறது, எரர் செய்தியை வேலைக்கு நடுவே படிக்கிறது. அதுவும் நீங்கள் எழுத வேண்டிய ஆவணம்தான். டாக்கர் சொன்னதை அப்படியே கடத்தாமல் இப்படி மாற்றுங்கள்: "நீக்கவில்லை. இந்த ஐடிக்கு இரண்டு டேக் உண்டு: பில்ட்-212, ரோல்பேக். எது போக வேண்டும் என்று பயனரிடம் கேள்." இதை எம்சிபியின் ரிசல்ட்டுக்குள்ளேயே, இஸ்எரர் (பிழை என்று காட்டும் குறி) ட்ரூ வைத்து அனுப்புங்கள், அப்போதுதான் மாடலின் கண்ணில் படும்.

ஃபோர்ஸை ஸ்கீமாவிலிருந்தே (டூல் ஏற்கும் அளவுருக்களின் வரையறை) எடுத்துவிடுங்கள். "கவனமாகப் பயன்படுத்து" என்று பத்து வரி எழுதுவதைவிட அந்த அளவுரு இல்லாமலே இருப்பது நல்லது. ஐடியை வாங்காதீர்கள், பெயரும் டேக்கும் மட்டும் வாங்குங்கள். பல டேக் உள்ள இமேஜில் ஒரு டேக்கைக் கொடுத்தால் அந்த டேக் மட்டும்தான் போகும், லேயர்கள் அப்படியே இருக்கும்.

டெஸ்ட்ரக்டிவ்ஹின்ட் (டூல் எதையாவது அழிக்கக்கூடும் என்று எம்சிபியில் சொல்லும் குறி) பற்றியும் கேட்பீர்கள். அதைக் குறிப்பிடாவிட்டாலும் ட்ரூ என்றுதான் கொள்ளப்படும். ஆனால் பெயரே சொல்கிறது, அது வெறும் குறிப்பு. கிளையன்ட், அதாவது ஏஜென்ட்டை ஓட்டும் நிரல், மதித்தால் உண்டு.

பில்டுக்காரன்:
பளிச்சென்று புரிந்தது. இப்போதைய வரைவு:

"இந்த மெஷினில் உள்ள இமேஜிலிருந்து ஒரு டேக்கை அகற்றும். அதுவே கடைசி டேக் என்றால் இமேஜும் அழியும், திரும்பப் பெற முடியாது. ரெஜிஸ்ட்ரியில் உள்ள பிரதியைத் தொடாது. ரெஜிஸ்ட்ரியில் பிரதி இல்லாத இமேஜை நீக்கும் முன் பயனரிடம் கேள். பழையது எது என்பதை நீயாக முடிவு செய்யாதே."

லேயர்_எண்ணி:
நல்லது. 404-க்கும் (அப்படி ஒன்று இல்லை என்ற பதில்) ஒரு வரி வேண்டும். ஏற்கெனவே போன டேக்கை மறுபடி நீக்கச் சொன்னால் 404 வரும். அதைப் பார்த்ததும் எங்கள் ஏஜென்ட் ஒருமுறை, பெயர் தப்போ என்று நினைத்து அதே போன்ற பெயருள்ள வேறொன்றைத் தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது. "இல்லை என்றால் வேலை முடிந்தது, வேறு பெயரில் முயலாதே" என்று எழுதுங்கள்.

பில்டுக்காரன்:
சேர்த்துவிட்டேன். ரெஜிஸ்ட்ரி பிரதி இருக்கிறதா என்பதைப் பட்டியலிடும் டூலே இப்போது சொல்கிறது, ஏஜென்ட் ஊகிக்க வேண்டியதில்லை. சோதனை மெஷினில் அதே இரண்டு டேக்கை வைத்து, அதே வாக்கியத்தை அப்படியே கொடுத்துப் பார்த்தேன். எது பழையது என்று முதலில் கேட்டது, பில்ட்-212 என்றேன். அதை மட்டும் அகற்றிவிட்டு, "ரோல்பேக் என்ற டேக் இன்னும் இருக்கிறது, அதனால் இடம் எதுவும் கிடைக்கவில்லை. ரெஜிஸ்ட்ரியில் பிரதி இல்லை. அதையும் எடுக்கவா?" என்று கேட்டு நின்றது. வேண்டாம் என்றேன். டிஸ்க் இன்னும் 94-லேயேதான் இருக்கிறது, அதற்கு லாக் ஃபைல்களைப் பார்க்கப் போகிறேன். கையாலேயே.