தலைக்குந்தா உறைபனிக்கு 14 வண்டி வரிசை கட்டிப் போகலாமா?

அவிநாசி புல்லட்

வணக்கமுங்க. மார்கழி கடைசி வாரம் தலைக்குந்தாவில் உறைபனி பார்க்கப் போகிறோம். இதுவரை 14 வண்டி சேர்ந்திருக்கிறது. சனி நள்ளிரவு 1 மணிக்கு அவிநாசியில் கிளம்பி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம். அங்கே ஒரு டீ. அப்புறம் குன்னூர் மலைப்பாதை ஏறி, ஊட்டியைத் தாண்டி 5.30க்குள் தலைக்குந்தா. வெயில் ஏறிவிட்டால் புல்லில் ஒன்றும் மிஞ்சாது, அதனால்தான் ராத்திரிப் பயணம். எப்போதும் போல ஜிக்ஜாக் வரிசை, அதாவது ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி. நான் முன்னே போவேன். வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்.

கோபி சின்னவன்

அண்ணா நானும் வரேன். புது வண்டி, டூயல் சேனல் ஏபிஎஸ், டயரும் புதுசு. பனி என்ன செய்யும்னு பார்த்துடலாம்.

பீளமேட்டுக்காரன்

பனி பார்ப்பதில் எனக்குத் தகராறு இல்லை. 14 வண்டி, ராத்திரி நேரம், வரிசை கட்டிப் போவது, இந்த மூன்றும் சேருவதுதான் உதைக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஜனவரியில் மணாலியில் வாடகைக்கு வண்டி எடுத்து, ஐந்து பேர் அடல் சுரங்கத்துக்கு அந்தப் பக்கம் போனோம். வெயில் விழுகிற இடமெல்லாம் நம்ம அவிநாசி ரோடு மாதிரி காய்ந்து கிடந்தது. ஒரு மலை நிழல் வளைவில் மட்டும் தார் கொஞ்சம் கறுப்பாக, ஈரம் போலத் தெரிந்தது. ஈரம் இல்லை, பிளாக் ஐஸ். தார் மேல் கண்ணாடி போலப் படிந்து, அடியில் இருக்கிற கறுப்பே தெரிகிற மெல்லிய பனிக்கட்டி. முதல் இரண்டு பேர் ஒன்றும் தெரியாமலே கடந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் முன் பிரேக்கை விரலால் தொட்டான், அவ்வளவுதான். நான்காவது நான், அவன் வண்டி மேலேயே போய் விழுந்தேன். ஐந்தாவது ஆள் எங்களைத் தவிர்க்கத் திருப்பி, தடுப்புச் சுவரில் மோதி நின்றான். வேகம் 25கூட இருக்காது. விழுந்தவன் எழுந்து நிற்கப் பார்த்து மறுபடி விழுந்தான். அந்த இடத்தில் செருப்புக்கும் பிடி இல்லை, டயருக்கும் பிடி இல்லை.

தனியாக வந்திருந்தால் விழுந்திருப்பது ஒருத்தன்தான். மூன்று பேர் அடிபட்டோம்.

அவிநாசி புல்லட்

தம்பி, மணாலி வேறு, ஊட்டி வேறு. நான் 12 வருடமாக மார்கழியில் ஏறுகிறேன். பனி புல்லில் இருக்கும், நிறுத்தி வைத்த கார் கண்ணாடியில் இருக்கும், வண்டி சீட்டில் இருக்கும். தார் ரோட்டில் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த தார் அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

இன்னொன்று, நீங்கள் தனியாகப் போனால் தேவலை என்கிறீர்கள். பர்லியார் பக்கம் ராத்திரி 3 மணிக்குத் தனியாக விழுந்தால் யார் வந்து தூக்குவார்கள்? யானை வந்தால் எத்தனை பேருக்குச் சத்தம் போட முடியும்? கூட்டம் என்பது பந்தா இல்லைங்க, துணை.

காங்கயம் ராணி

அண்ணன் யானையைச் சொன்னது சரி. குஞ்சப்பனை வழியாகக் கோத்தகிரி போகும்போது நான் ஒருமுறை பார்த்தேன், ரோட்டு நடுவில். ஆனால் 14 வண்டி சத்தம் யானையைத் துரத்துமா, மிரட்டி எதிரே ஓட வைக்குமா என்று யாருக்குத் தெரியும்? அதைத் துணைக் கணக்கில் சேர்க்காதீங்கண்ணா.

கேத்தி 43

இங்கே வீடு இருக்கிற ஆள் சொல்கிறேன். அவிநாசிக்காரர் சொல்வதில் பாதி உண்மை. வானம் தெளிவாக, காற்று அடங்கியிருக்கிற ராத்திரியில்தான் உறைபனி விழும். தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் பள்ளத்துக்கு இறங்கித் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கிற வீட்டுக்கு முன் ஒன்றும் இல்லாமல், கீழே பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். தலைக்குந்தாவும் அப்படி ஒரு தாழ்வுதான்.

ரோடு பூராவும் ஐஸ் பிடிப்பது இங்கே வழக்கம் இல்லை, சரி. ஆனால் அடியில் காற்று ஓடுகிற சின்னப் பாலங்கள், மண் மேல் கிடக்கிற ரோட்டை விடச் சீக்கிரம் ஆறிவிடும். அப்புறம் தண்ணீர்க் கசிவு. மூன்று வருடத்துக்கு முன் எங்கள் தெரு முனையில் குடிநீர்க் குழாய் உடைந்து ராத்திரியெல்லாம் ரோட்டில் ஓடியது. காலை 6 மணிக்குப் பால் வாங்க ஸ்கூட்டரில் போனவன் நேராக உட்கார்ந்தபடியே கீழே இருந்தேன். விரல் நகம் கனம்கூட இல்லை அந்த ஐஸ்.

மேட்டுப்பாளையம் மண்டி

கேத்திக்காரர் தண்ணீர் என்றதும் ஒன்று சேர்க்கிறேன். நான் கேரட் வண்டி ஓட்டுகிறவன். மேலே கேரட்டை மெஷினில் கழுவி, ஈரத்தோடு மூட்டை பிடித்து ஏற்றி, ராத்திரியே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவோம். இறங்குகிற வண்டியெல்லாம் ஒழுகிக்கொண்டுதான் வரும். வளைவில் சாயும்போது மொத்தமாக ஊற்றும். நீங்கள் ஏறுகிற அதே நேரம். குளிர் பூஜ்யத்துக்குப் பக்கம் போகிற மேல்பகுதியில் அது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். உறையாவிட்டாலும் மண்ணும் தண்ணீரும் சேர்ந்த வழவழப்பு இருக்கவே இருக்கிறது.

மற்றபடி நீங்கள் 14 பேர் ஜிக்ஜாக்கில் வந்தால் கொண்டை ஊசியில் எனக்கு எங்கே திரும்ப இடம் இருக்கும்? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குள் அப்படி 14 வளைவு. வளைவுக்கு ஒரு ஆளாக நின்று எனக்கு வழிவிடப் போகிறீர்களா?

கோபி சின்னவன்

ஏபிஎஸ் எதுக்கு அண்ணா இருக்கு? 125 சிசிக்கு மேலே எல்லா வண்டிக்கும் 2019லேயே கட்டாயம் ஆக்கிட்டாங்க. சும்மாவா?

பீளமேட்டுக்காரன்

தம்பி, ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். ரோட்டில் பிடியே இல்லை என்றால் அது எங்கிருந்து கொண்டுவரும்? காய்ந்த தாரில் பிடி 0.7 என்று வைத்தால் ஐஸில் 0.1 பக்கம்தான். 40 வேகத்தில் காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து நிற்க 9 மீட்டர் போதும். ஐஸில் அதுவே 63 மீட்டர். ஜிக்ஜாக் வரிசையில் நாம் விடுவது நேர் முன்னால் இருக்கிற வண்டிக்கு 2 விநாடி, பக்கத்து வரிசை வண்டிக்கு 1 விநாடி. 40 வேகத்தில் 2 விநாடி என்றால் 22 மீட்டர். கணக்கு எங்கே உதைக்கிறது தெரிகிறதா?

அவிநாசி புல்லட்

கணக்கில் ஓட்டை இருக்கிறது. நான் நிற்க 63 மீட்டர் ஆனால், எனக்கு முன்னால் போகிறவனுக்கும் அதே 63தான். அவனும் வழுக்கிக்கொண்டே போவான், நானும் போவேன். நடுவில் இருந்த 22 மீட்டர் எங்கே போய்விடும்?

காங்கயம் ராணி

இது நல்ல கேள்வி. பீளமேட்டு அண்ணா, பதில் சொல்லுங்க.

பீளமேட்டுக்காரன்

சொல்கிறேன். ரோடு முழுக்க ஒரே மாதிரி ஐஸ் என்றால் அவிநாசி அண்ணன் சொல்வது சரிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐஸ் ரோடு முழுக்க இல்லை என்று கேத்திக்காரர் மேலே சொன்னார். அதுதான் வினையே. முன்னால் போகிறவர் அந்த நாலு மீட்டர் திட்டைக் கடந்து காய்ந்த தாருக்குப் போயிருப்பார். எதிரே கேரட் வண்டி வருகிறது, பிரேக் பிடிக்கிறார், 9 மீட்டரில் நிற்கிறார். அவருடைய சிவப்பு விளக்கைப் பார்த்து நான் பிரேக்கைத் தொடுகிற இடம் ஐஸ். அவர் நின்றுவிட்டார், என் சக்கரம் தொட்ட இடத்திலேயே கோட்டை விட்டுவிட்டது. மணாலியில் எங்களுக்கு நடந்ததும் இதுதான். விழுந்தவன் சறுக்கிக்கொண்டே போகவில்லை, ஓரத்து மண்ணில் மோதி அங்கேயே நின்றுவிட்டான்.

கூட்டத்தில் ஓட்டும்போது நாம் ரோட்டைப் பார்ப்பதில்லை, முன்னால் போகிறவரின் பின்விளக்கைத்தான் பார்க்கிறோம். என் சண்டை அதோடுதான்.

அவிநாசி புல்லட்

சரி. அந்தப் பாயிண்ட்டை எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒற்றை வரிசை, 4 விநாடி இடைவெளி. போதுமா?

மேட்டுப்பாளையம் மண்டி

14 வண்டி, 4 விநாடி இடைவெளி என்றால் வரிசை அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளும். முன்னால் நீங்கள் ஒரு வளைவில், கடைசி ஆள் இரண்டு வளைவு கீழே. நீங்கள் கை காட்டுவது யாருக்குத் தெரியும்? பின்னால் இருக்கிறவன் விட்டுப்போய்விட்டோம் என்று வெசனப்பட்டு முறுக்குவான். ரப்பர் மாதிரி இழுத்து இழுத்து விடும். நான் தினமும் பார்க்கிற காட்சி அது. முன்னால் வருகிற பெரியவர் 30ல் வருவார், கடைசியில் ஒரு பொடியன் 60ல் வருவான். இரண்டு பேரும் ஒரே கூட்டம் என்பார்கள்.

கோபி சின்னவன்

பொடியன்னு என்னைத்தானே சொல்றீங்க 😀

டயரில் காற்றைக் குறைச்சிட்டா பிடி கூடும்னு நம்ம ஊர் பஞ்சர் கடையில் சொன்னாங்க. குளிருக்கு அது சரியா?

பீளமேட்டுக்காரன்

தொடாதே தம்பி. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டர் சொச்சம், ஊட்டி 2240. குளிரால் டயர் அழுத்தம் 3 பிஎஸ்ஐ பக்கம் குறையும். மேலே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு என்பதால் கேஜில் கிட்டத்தட்ட அதே 3 ஏறும். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போய்விடும். நீ குறைத்துக்கொண்டு ஏறினால், காலையில் இறங்கும்போது தொளதொள டயரோடு வளைவில் ஆடுவாய். கம்பெனி சொன்ன அளவை வைத்தால் போதும். ஐஸில் காற்றைக் குறைத்தும் பெரிய பலன் இல்லை.

காங்கயம் ராணி

எல்லோரும் டயரையே பேசுகிறீர்கள். கையைப் பற்றி யாரும் பேசவில்லை. போன வருடம் நான் சாதாரணத் துணிக் கையுறையோடு போனேன். அருவங்காட்டைத் தாண்டும்போது கிளட்ச் பிடித்திருக்கிறேனா விட்டிருக்கிறேனா என்றே விரலுக்குத் தெரியவில்லை. வெளியே 2 டிகிரி என்றால் 40 வேகத்துக் காற்றில் உடம்புக்கு மைனஸ் 5 போல உறைக்கும். மெதுவாக, மென்மையாகப் பிரேக் பிடி என்று சொல்வது சுலபம். மரத்துப்போன கை மென்மையாகப் பிடிக்காது, ஒன்று பிடிக்காது, இல்லையென்றால் கப்பென்று பிடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் மூச்சு வேறு படிந்துவிடும். திறந்தால் கண்ணில் தண்ணீர்.

எங்கள் அப்பா காலத்தில் சட்டைக்குள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு போவார்களாம். சிரிக்காதீங்க, செய்து பார்த்தேன், நெஞ்சுக்குக் காற்று ஏறவே இல்லை. கைக்குத்தான் அந்த வித்தை இல்லை.

பின்னால் ஆளை வைத்துக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்றும் யாரும் கேட்கவில்லை. பனியில் கை காலை அசைக்க முடியாமல் விழுகிறவர்கள் அவர்கள்தான்.

கேத்தி 43

இறக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். பனி பார்த்துவிட்டு 8 மணிக்குத் திரும்பும்போதுதான் எல்லோருக்கும் தைரியம் வருகிறது. வெயில் பட்ட இடம் காய்ந்துவிடும், யூக்கலிப்டஸ் நிழல் விழுகிற இடம் ஈரமாகவே இருக்கும். வளைவுக்கு வளைவு ரோடு மாறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற பிள்ளைகளை இன்னும் பார்க்கிறேன். இரண்டாவது கியரில் வாருங்கள். ஆனால் வழுக்குகிற இடத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டாலும் பின்சக்கரம் பூட்டும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக நிற்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

கல்லட்டிப் பக்கம் இறங்கலாமா என்று யாராவது யோசித்தால், வேண்டாம். 36 கொண்டை ஊசி, அத்தனையும் செங்குத்து.

பீளமேட்டுக்காரன்

அடையாளம் ஒன்று. ரோடு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகிற வண்டியின் டயர் தண்ணீரைத் தெறிக்கவில்லை என்றால் அது ஈரம் இல்லை, ஐஸ். டயர் சத்தம் திடீரென்று அடங்கினாலும் அதே. அங்கே திருப்பக் கூடாது, பிரேக் கூடாது, முறுக்கவும் கூடாது. கிளட்சைப் பிடித்து நேராக உருண்டு தாண்ட வேண்டும். சந்தேகமாக இருந்தால் நிறுத்தி, இறங்கிக் காலால் தேய்த்துப் பாருங்கள். மணாலியில் விழுந்த பிறகு ஒரு டாக்சிக்காரர் சொல்லித் தந்தது. விழுவதற்கு முன் சொல்லியிருக்கலாம்.

அவிநாசி புல்லட்

இவ்வளவு பேர் சொன்ன பிறகு நான் பிடிவாதம் பிடித்தால் அழகில்லை. ஆனால் தனித்தனியாகப் போங்கள் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று மூன்று பேராகப் பிரிக்கிறேன், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் கால் மணி நேரம். யாருக்கும் யாரையும் துரத்த வேண்டிய வேலை இல்லை, குன்னூரில் கூடிக்கொள்ளலாம். ராத்திரிப் பயணத்தை விட்டுவிடலாம். சனி மதியமே ஏறி, ஊட்டியில் தங்கி, காலையில் 5.30க்கு எல்லோரும் ஒரு வேன் பிடித்துத் தலைக்குந்தா. வண்டியெல்லாம் அறை வாசலில் நிற்கட்டும்.

கோபி சின்னவன்

பனி பார்க்க வேனில் போறதுக்கு நான் எதுக்கு அண்ணா புது வண்டி வாங்கினேன்?

காங்கயம் ராணி

காலையில் உன் சீட்டு மேல் பனி படிந்திருக்கும், போட்டோ எடுத்துக்கொள்.

பீளமேட்டுக்காரன்

மூன்று பேர் கணக்குக்கும் எனக்குப் பாதி மனதுதான். மூன்றாவது ஆள் பின்விளக்கைப் பார்க்காமல் ரோட்டைப் பார்ப்பான் என்று யார் உத்தரவாதம்? ஆனால் மதியம் ஏறுவதாக இருந்தால் என் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கூட்டத்தில், கடைசி ஆளாக.

கேத்தி 43

அறை நான் விசாரிக்கிறேன். வருகிறவர்கள் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை இரண்டு கிலோ கொண்டு வந்தால் கேரட் என் பொறுப்பு. ஒன்று மட்டும், மேகம் மூடிவிட்டால் பனி விழாது, வெறும் குளிரோடு திரும்ப வேண்டியதுதான். வெள்ளி ராத்திரி வானத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.