அந்த 2 யூரோ தோணி கோண்டோலாவே இல்லை!

வம்படி:
பக்கத்து இழையில் நடைவண்டி அண்ணாச்சி வெனிஸ் போகிறவர்களுக்குக் குறிப்பு எழுதியிருக்கிறார். மெஸ்த்ரேவாசி (வெனிஸ் நகராட்சியின் நிலக்கரைப் பகுதி), உள்ளூர்க்காரர், சரி. ஆனால் நாலாவது குறிப்பைப் பாருங்கள்: "கோண்டோலாவுக்கு 90 யூரோ தண்டம். 2 யூரோ கொடுத்து டிராகெட்டோ ஏறுங்கள், அதுவும் அதே கோண்டோலாதான்." இதற்கு லைக் மழை வேறு!

அதே கோண்டோலாவா? டிராகெட்டோ என்பது ஊரின் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாயின் இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்கிவிடும் தோணி. ஓரிரு நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். கோண்டோலா என்பது சுற்றிப் பார்க்க ஏறும் துடுப்புப் படகு; 30 நிமிடம், சின்னக் கால்வாய்களுக்குள் புகுந்து வரும். கல்யாண நாளுக்கு என்று ஆசையாகப் போகிறவன் இவர் பேச்சைக் கேட்டு மனைவியை இதில் ஏற்றினால் அன்றைக்கு ராத்திரி அவனுக்குச் சோறு கிடைக்காது.

நடைவண்டி:
முழுசாகப் படித்துவிட்டுக் குதியுங்கள் வம்படி. அந்தப் படகின் பெயரே 'கோண்டோலா டா பராடா'. துடுப்புப் போடுகிறவர்களும் கோண்டோலாக்காரர்கள்தான், முறை வைத்து வருகிறார்கள்.

படிக்காதவர்களுக்காகத் திரும்பவும் எழுதுகிறேன். சாந்தா சோஃபியா துறையில் ஏறினால் எதிர்க்கரையில் ரியால்டோ மீன் சந்தை. காலையில் போங்கள். ஞாயிறும் திங்களும் மீன் கடை கிடையாது. 2 யூரோவைச் சில்லறையாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கார்டை நீட்டி வரிசையை நிறுத்தாதீர்கள். ஏறும்போது கால் படகின் நடுவில் பட வேண்டும். விளிம்பில் வைத்தால் படகே சாயும். ஊர்க்காரர்கள் நின்றபடியே போவார்கள். அதைப் பார்த்து நீங்களும் நின்று செல்ஃபி எடுத்தால், பக்கத்தில் வப்பொரெட்டோ (நீர்ப் பேருந்து) போகும்போது அலை பக்கவாட்டில் அடிக்கும், ஃபோன் கால்வாய்க்குப் போய்விடும். துறைக்குத் துறை நேரம் வேறு, சிலவற்றை மதியத்தோடு மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் ரியால்டோ பாலத்தைச் சுற்றி நடக்க வேண்டியதுதான்.

வம்படி:
பெயரில் கோண்டோலா இருந்தால் கோண்டோலாவா? கடல்குதிரைக்குச் சேணம் கட்டுவீர்களா?

நிஜக் கோண்டோலா ஏறக்குறைய 11 மீட்டர் நீளம். எட்டு வகை மரம், 280 துண்டுகள். ஒரே ஆள், ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம். படகு ஒரு பக்கமாகவே வட்டமடிக்காமல் இருக்க இடப்பக்கத்தை 24 செ.மீ. அகலமாகக் கட்டியிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் கொஞ்சம் கோணலாகத் தெரியும். முன்மூக்கில் ஆறு பல் வைத்த இரும்பு, ஊரின் ஆறு பேட்டைகளுக்கு ஆறு பல் என்பார்கள். உங்கள் தோணிக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், நடுவில் மெத்தையும் இல்லை ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 2020-இல் நகராட்சி ஒரு படகில் ஏற்றக்கூடிய ஆள் கணக்கைக் குறைத்தபோது கோண்டோலாவுக்கு 6 என்பதை 5 ஆக்கியது, தோணிக்கு 14 என்பதை 12 ஆக்கியது. ஒரே படகு என்றால் எதற்கு அய்யா இரண்டு கணக்கு?

அரைடிக்கெட்:
ஷேர் ஆட்டோவும் ஆட்டோதானே சார்? இதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்.

வம்படி:
ஷேர் ஆட்டோ என்று ஓடுவதில் எத்தனை டாடா மேஜிக் என்று எண்ணிப் பாருங்கள். நாலு சக்கரம். என் கட்சிக்கு வந்து சேர்ந்ததற்கு நன்றி.

அரைடிக்கெட்:
மூணு சக்கரத்துலயும் ஷேர் ஆட்டோ ஓடுது. ஊர்ப் பக்கம் வந்து பாருங்க.

உப்புக்காற்று:
ஆட்டோவை ஓரமாக நிறுத்துங்கள். 90 யூரோ என்பது படகுக்கு, தலைக்கு அல்ல. ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு 18. இரவு 7 மணிக்கு மேல் 110. இது நகராட்சி வைத்த விலை; பாட்டு வேண்டுமென்றால் தனியாகப் பேச வேண்டும்.

ஏறுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம், எந்தக் கால்வாய் வழியாக. சான் மார்க்கோ கரையில் ஏறினால் முதல் சில நிமிடம் திறந்த நீரில் மோட்டார் படகுகளுக்கு நடுவே குலுங்கியே போய்விடும். ஊருக்கு உள்ளே இருக்கும் துறையில் ஏறுவது மேல். ஓதம் (கடல்மட்டம்) ஏறியிருந்தால் தாழ்வான பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது, வழி சுருங்கும். நன்றாக வடிந்திருந்தால் பாசி பிடித்த சுவர்தான் காட்சி, நாற்றமும் உண்டு. ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் போகிறவர் குறைவு.

நடைவண்டி:
ஐந்து பேர் இருந்தால் 18. தனியாகப் போகிறவனுக்கு? முழு 90. நான் எழுதியது அவனுக்கு.

கால்வாயைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? வப்பொரெட்டோ லைன் 1, பியாட்ஸாலே ரோமாவில் ஏறினால் சான் மார்க்கோவுக்கு முக்கால் மணி நேரம், ஏறக்குறைய எல்லாத் துறையிலும் நிற்கும். ஒற்றை டிக்கெட் 9.50, செல்லுபடி 75 நிமிடம். 24 மணி நேர பாஸ் 25. மூன்று தடவை ஏறினாலே பாஸ் லாபம். பாஸ் இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் இயந்திரத்தில் காட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும், மறந்தால் அபராதம். விமான நிலையத்துக்குப் போகும் அலிலகூனா படகுக்கு இந்த பாஸ் செல்லாது. அதில் ஏறிச் சண்டை போடாதீர்கள்.

வம்படி:
அருமை. பேருந்து, பாஸ், பெருக்கல் வாய்ப்பாடு எல்லாம் வந்துவிட்டது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் காணோம். 2 யூரோ தோணி "அதே கோண்டோலா"வா, இல்லையா?

இவர் இப்படித்தான். வெனிஸுக்குப் பகலில் வந்துபோகிறவர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம் பற்றிய இழையிலும் மெஸ்த்ரேயில் தங்கினால் பணம் கட்ட வேண்டும் என்று பீதியைக் கிளப்பிவிட்டுக் காணாமல் போனவர்.

நடைவண்டி:
பொய். 'பதிவு செய்ய வேண்டும்' என்று எழுதினேன், 'பணம் கட்ட வேண்டும்' என்று எழுதவில்லை. மெஸ்த்ரேயும் வெனிஸ் நகராட்சிதான், அங்கே தங்குகிறவருக்கு விலக்கு. ஆனால் விலக்குக்கான க்யூஆர் கோடு எடுத்து வைத்திருக்க வேண்டும். கட்டணம் வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. 2024-இல் 5 யூரோ. 2025-இல் முன்கூட்டிக் கட்டினால் 5, கடைசி நேரத்தில் 10. 4 மணிக்கு மேல் வருகிறவருக்கு ஒன்றுமில்லை. இதில் பீதி எங்கே இருக்கிறது?

வம்படி:
"விலக்கு" என்ற சொல் அந்த இழையில் மூன்றாவது பக்கத்தில்தான் வந்தது. நான் கேட்ட பிறகு.

அரைடிக்கெட்:
சரி, நவம்பர்ல போனா ரப்பர் பூட்ஸ் வேணுமா? இப்பதான் கடல் தண்ணிய மறிக்கிற மோசே தடுப்பு மதகு வந்துடுச்சே, ஊருக்குள்ள தண்ணி வராதுன்னு சொல்றாங்க.

உப்புக்காற்று:
பாதி சரி. 2020 அக்டோபரில்தான் ஓதத்தை மறிக்க அந்த மதகுகளை முதல் தடவை உயர்த்தினார்கள். ஆனால் ஓதம் 110 செ.மீ. வரும் என்று கணித்தால்தான் பொதுவாக மதகுகளைத் தூக்குவார்கள். சான் மார்க்கோ சதுக்கம் ஊரிலேயே பள்ளம், 80 சொச்சத்திலேயே வடிகால் வழியாகத் தண்ணீர் மேலே வந்துவிடும். ஆகவே 95 செ.மீ. நாளில் மதகும் எழாது, உங்கள் ஷூவும் தப்பாது. தேவாலயத்தைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு இருக்கிறது, அதற்கு வெளியே நிற்கும் உங்களுக்கு எதுவும் இல்லை. 2019 நவம்பர் 12-இல் 187 செ.மீ. வந்ததே, அந்த மாதிரி பயம் இப்போது குறைவு.

நடைவண்டி:
பூட்ஸை விட சக்கரப் பெட்டியைப் பற்றிக் கவலைப்படுங்கள். வழியில் நாலு பாலம் என்றால் நாலு தடவை பெட்டியைத் தூக்கி ஏறி இறங்க வேண்டும். ஓட்டல் எடுக்கும்போது தூரத்தைக் கேட்காதீர்கள், துறையிலிருந்து எத்தனை பாலம் என்று கேளுங்கள். கதவு எண்ணை நம்பியும் போகாதீர்கள். எண் தெருவுக்கு அல்ல, பேட்டைக்கு. காஸ்தெல்லோ பேட்டையில் ஆறாயிரத்தைத் தாண்டும். ஓட்டல்காரரிடம் பக்கத்துச் சதுக்கத்தின் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள்.

வம்படி:
நல்ல குறிப்பு. இப்படியே மற்றதையும் எழுதியிருக்கலாம். பாலம், பெட்டி, கதவு எண் எல்லாம் சரியாகச் சொல்லத் தெரிகிற ஆளுக்கு 5 வேறு, 12 வேறு என்பது மட்டும் எப்படித் தெரியாமல் போகிறது? ஐந்து பேர் ஏறுவது கோண்டோலா. பன்னிரண்டு பேர் ஏறுவது தோணி.

நடைவண்டி:
'கோண்டோலா டா பராடா'. மூன்று சொல். முதல் சொல்லை மட்டும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். வெனிஸ்காரனே வைத்த பெயர். நீங்கள் அதை மாற்ற வேண்டுமென்றால் நகராட்சிக்கு மனுப் போடுங்கள்.

வம்படி:
மனு எதற்கு? "அதே" என்ற ஒரு சொல்லை எடுங்கள். போதும்.

நடைவண்டி:
எடுக்க முடியாது.

உப்புக்காற்று:
எடுக்கவும் மாட்டார், இவர் விடவும் மாட்டார். ரெண்டு பேரையும் ஒரே படகில் ஏற்றினால் எந்தப் படகும் தாங்காது.

அரைடிக்கெட்:
கடைசியா ஒண்ணு கேட்டுக்குறேன். சாந்தா சோஃபியால குழந்தையைத் தள்ளுவண்டியோட ஏத்த முடியுமா?

வம்படி:
எதில்? கோண்டோலாவிலா, தோணியிலா? முதலில் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.