புதுப்பிப்பு: வேலையை விட்டுப் பாய் நெசவுக்குப் போகலாமா?

சென்னை வேலையை விட்டுப் பத்தமடையில் கோரைப்பாய் நெய்யப் போகலாமா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. "ராஜினாமா வேண்டாம், சம்பளமில்லா விடுப்பு எடுத்துத் தறியில் உட்கார்ந்து பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. சாதக பாதகப் பட்டியலும் போட்டேன். அது என் குழப்பத்தையே இரண்டு பத்தியாகக் காட்டியது.

மெல்லிய பாய்க்கு உயிர் கோரையில் இருக்கிறது. ஆற்றுநீரில் ஊறவைத்து, கத்தியால் நூல்போல் கீற வேண்டும். நெசவை விரும்பிப் போனவன் நான்; மனம் ஒட்டியது இந்தக் கீறலில். "விரலைப் பாருங்க தம்பி, கத்தியைப் பார்க்காதீங்க" என்று சொல்லித்தந்த அக்கா அதட்டுவார்.

இப்போது வேலையை விட்டுவிட்டேன். பாய் மட்டும் சோறு போடாது; பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். எதிர்பாராதது அப்பாதான்: சண்டைக்கு வருவார் என்றிருந்தேன், கோரைக்கட்டு வாங்க அவரே கூட வந்தார். முயல்பவர்கள் மழைக்காலத்தில் தொடங்க வேண்டாம், கோரை காயாது.