சின்னப் பிள்ளையள வச்சுட்டு வீட்ல இருந்து கணக்கு சோலி பாக்குறவங்க நேரத்த எப்படி சமாளிக்கிறீங்க?

தக்கலை அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மாப்பிள்ள துபாய்ல, மாமிக்கு முட்டுவலி, ஓடுற பிள்ளைக்கு பின்னால ஓட அவங்களால ஆகாது. நான் வீட்ல இருந்தே 11 கடைக்கு டாலிங்கிற கணக்கு சாப்ட்வேர்ல என்ட்ரி போட்டு ஜிஎஸ்டி பைல் பண்ணி குடுக்கேன். மூத்தவளுக்கு 4 வயசு, அங்கன்வாடி போறா, சின்னவனுக்கு ஒண்ணரை. மதியம் அவன் ஒறங்குற ஒண்ணரை மணிநேரந்தான் எனக்குன்னு கிடைக்கிறது, அதுலயும் பாதி துணி பாத்திரம்னு போயிரும். மிச்சத்துக்கு ராத்திரி 10 மணிக்கு மேல உக்காருவேன், கண்ணு சொருகும். போன மாசம் 19ம் தேதி ராத்திரி அவன மடியில போட்டுட்டே அடிச்சேன், 1,850 ரூவா பில்லு 18,500 ஆயிட்டு, காலையில திரும்ப பாக்கும்போதுதான் கண்ணுல பட்டுது. 3பி, அதான் ஜிஎஸ்டி வரிக் கணக்கு, ஒருக்க போட்டாச்சுன்னா திருத்த முடியாதுல்லா, அடுத்த மாசந்தான் சரி பண்ணணும், நெஞ்சு படபடன்னு அடிச்சுட்டு. இந்த சோலிய விட எனக்கு மனசே இல்ல. வழி சொல்லுங்க.

நாகர்கோவில் கணக்கு:
தங்கச்சி, எனக்கும் ரெண்டு பிள்ளையள், இதே சோலிதான். முதல்ல ஒண்ணு செய்யுங்க, சின்னவன் ஒறங்கும்போது பாத்திரத்த தொடாதீங்க. பாத்திரம் அவன் முழிச்சிருக்கும்போதும் கழுவலாம், ரெண்டு கிண்ணமும் கொஞ்சம் தண்ணியும் குடுத்தா அவனும் பக்கத்துல இருந்து விளையாடுவான். ஆனா 2பிய, அதான் கடைக்கு சரக்கு வித்தவங்க ஏத்துன பில்லு பட்டியல, வச்சு பில்லு ஒத்துப்பாக்குறது அப்படி இல்ல, அதுக்கு தல வேணும். நான் பில்லு பிரிக்கது, தேதிவாரியா அடுக்குறது, கடைக்காரங்களுக்கு போன் போடுறது எல்லாம் பிள்ளையள் முழிச்சிருக்கும்போதே முடிச்சிருவேன், ஒறங்குற நேரம் நம்பருக்கு மட்டும்.
அடுத்தது, கடைக்காரங்க மாசக்கடைசியில பில்ல மஞ்சப்பையில மொத்தமா கொண்டு தாறத நிப்பாட்டுங்க. சனிக்கிழமதோறும் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்ப சொல்லுங்க. அடுத்த மாசம் 11க்குள்ள ஆர்1, அதான் விற்பனை பில்லு கணக்கு, 14ல 2பி வருது, 20க்குள்ள 3பி. அந்த நடுவுல உள்ள ஆறு நாளுக்கு என்ட்ரியே மிச்சம் இருக்கக்கூடாது.

குலசேகரம் ரப்பர்:
எனக்கு கணக்கு தெரியாது, நான் ரப்பர் பால் வெட்டுறவன். வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சிரும், அதனால வெளுக்க முன்னயே இறங்கணும். ராத்திரி 8.30க்கு பிள்ளையளோட சேந்து படுத்து 4 மணிக்கு எந்திரிப்பேன். நீங்களும் 10 மணிக்கு மேல இருக்கத விட்டுட்டு அப்படி பாருங்க, அந்த நேரம் மண்ட தெளிவா இருக்கும்.

தக்கலை அம்மா:
அண்ணே, நான் அசைஞ்சாலே சின்னவன் முழிச்சிருவான், பால்குடி இன்னும் மறக்கல. அதான் பயம்.

கருங்கல் அக்கா:
மக்கா, பால்குடிக்கிற பிள்ளைய வச்சுட்டு ஒறக்கத்த குறைக்காத, நான் அப்படி செஞ்சு உடம்பு கெட்டுதான் மிச்சம். சோலியவே குறைக்க வழி இருக்கு. உனக்க 11 கடையில வருச வியாபாரம் 5 கோடிக்கு உள்ள எத்தன? அவங்கள மூணு மாசத்துக்கு ஒருக்க பைல் பண்ணுற முறைக்கு மாத்து, கடைக்காரங்ககிட்ட கேட்டுட்டுதான். முதல் ரெண்டு மாச வரிய அதுக்கு அடுத்த மாசம் 25க்குள்ள கட்டணும், ஆனா 3பி காலாண்டுக்கு ஒருக்கதான். ஏப்ரல் காலாண்டுக்குன்னா பிப்ரவரி 1ல இருந்து ஏப்ரல் 30க்குள்ள மாத்திக்கலாம். மொத்த வியாபாரம் பண்ணுற கடையா இருந்தா மட்டும் முதல் ரெண்டு மாச பில்ல 13க்குள்ள ஏத்தி குடுத்துரு, இல்லன்னா வாங்குனவங்களுக்கு கிரெடிட், அதான் குடுத்த வரிய கழிச்சுக்கிறது, தள்ளிப்போவும், அவங்க சண்டைக்கு வருவாங்க.

தக்கலை அம்மா:
அக்கா, 11ல ஒம்பது கடை அதுக்குள்ளதான் வரும்! இதுவரைக்கும் மாசாமாசம் போட்டுட்டு இருக்கேன். நாளைக்கே பேசுதேன். சனிக்கிழம போட்டோவும் சொல்லிருதேன், அதுல ரெண்டு பேரு வயசானவங்க, வாட்ஸ்அப் தெரியாது, அங்கன்வாடிக்கு போற வழியில நானே வாங்கிக்கிறேன். பாத்திரம் சாயங்காலத்துக்குதான் இனி.