மறு: ‘டிரெக்தர் ஸ்போர்ட்டிஃப்’ – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். சைக்கிள் பந்தயத்தின்போது ஓர் அணியைக் காரில் இருந்தபடி வழிநடத்துபவரைப் பிரெஞ்சில் ‘டிரெக்தர் ஸ்போர்ட்டிஃப்’ என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ‘விளையாட்டு இயக்குநர்’ என்றே வைத்துவிடலாம். நேர்ச்சொல்தானே, சிக்கல் இல்லை.

சிக்கல் இருக்கிறது. அதைப் படிப்பவருக்குப் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையில் கோப்புகளில் கையெழுத்துப் போடுகிறவர்தான் நினைவுக்கு வருவார். சைக்கிள் பந்தயத்தில் இந்த வேலையைச் செய்பவரின் அலுவலகம் ஒரு கார். வீரர்களின் கூட்டத்துக்குப் பின்னால் அணிகளின் கார்கள் வரிசையாகப் போகும். எந்த அணியின் வீரர் தரவரிசையில் மேலே இருக்கிறாரோ அந்த அணியின் கார் முன்னால். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கை சன்னல் வழியே தண்ணீர் பாட்டிலை நீட்டும். பின்சீட்டில் உதிரிச் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு மெக்கானிக். பந்தய வானொலி ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலுக்குள் முடிவெடுக்க வேண்டும்: பிரிந்து முன்னால் போன நாலு பேரைத் துரத்துவதா, போகட்டும் என்று விடுவதா? துரத்தினால் நம் ஆட்களில் யார் களைத்துப்போகலாம், யாரைக் கடைசி மலைக்கு மிச்சம் வைப்பது?

‘பயிற்சியாளர்’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பயிற்சியாளர் வேறு ஆள். பந்தயத்துக்குப் பல வாரம் முன்பே அவர் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ‘அணி மேலாளர்’ என்றால் கிரிக்கெட் பழக்கத்தில் ஓட்டல் அறையும் விமான டிக்கெட்டும் பார்ப்பவர் என்று ஆகிவிடுகிறது. தவிர, அந்தச் சொல் நமக்கு வேறோர் இடத்தில் வேண்டும். விளம்பரதாரரைப் பிடித்து, சம்பளம் பேசி, அணியையே கட்டுகிறவருக்கு அதை வைத்துக்கொள்வோம். மார்க் மாதியோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1985, 1991 இரண்டு ஆண்டும் பாரி–ரூபே என்ற ஒருநாள் பந்தயத்தை வென்றவர். 1997இல் ‘பிரான்சேஸ் தே ஜூ’ அணியைத் தொடங்கினார். 2012 டூர் டி பிரான்ஸில் அவருடைய அணி வீரர் திபோ பினோ போரந்த்ருய் ஊரில் தனியாக வெற்றிக்கோட்டை நோக்கிப் போனபோது, கார் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிக் கதவைத் தட்டித் தட்டிக் கத்தினாரே, அவரேதான். அப்போது அவர் அணி மேலாளர். அன்றைக்கு அந்தக் காரில் இருந்து செய்தது மற்ற வேலை. ஒரே ஆள் இரண்டையும் செய்வார் என்பதால்தான் நமக்கு இரண்டு சொல் வேண்டியிருக்கிறது.

என்னைக் கேட்டால் சொல்லைச் சோதிக்கச் சரியான ஆள் மாதியோவின் குரு சிரில் கிமார். 1972 டூரில், அதை வென்ற எடி மெர்க்ஸை மலையிலும் விடாமல் விரட்டியவர். மொத்தத் தரவரிசையில் இரண்டாம் இடம், உடம்பில் புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சைச் சட்டை. முழங்கால் தாங்காமல், பாரிஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது விலகினார். அந்தப் பச்சைச் சட்டையை மெர்க்ஸ் பிறகு அவரிடமே கொடுத்தார். 1976இல், 29 வயதில், காருக்கு மாறினார். முதல் ஆண்டே அவருடைய வீரர் லூசியென் வான் இம்பே டூரை வென்றார். சிறந்த மலையேறிக்கான மலைச்சட்டை கிடைத்தாலே போதும் என்றிருந்த மனிதர் வான் இம்பே. பிரனீஸ் மலையில், சென்–லாரி போகும் நாளில், வெகு தூரம் இருக்கும்போதே தாக்கச் சொன்னார் கிமார். காதில் மாட்டும் கருவி கிடையாத காலம். காரை முன்னால் ஓட்டிப்போய்ப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும். போகாவிட்டால் காரால் இடித்துத் தள்ளுவேன் என்று மிரட்டியதாக இன்றும் கதை சொல்வார்கள். வான் இம்பே போனார். அன்றைக்கே மொத்தத் தரவரிசையில் முதலிடத்துக்கான மஞ்சள் சட்டை அவர் கைக்கு வந்தது; போட்டியாளர் சோட்டெமெல்க் மூன்று நிமிடத்துக்கு மேல் இழந்தார். அதற்குப் பிறகு கிமாரின் கீழ் பெர்னார் இனோ நான்கு முறை, லோரான் ஃபின்யோன் இரண்டு முறை டூரை வென்றார்கள். ஓட்டியாக அவருக்கு ஒரு டூர்கூட இல்லை, காரில் இருந்து ஏழு.

> ‘பந்தயச் சாரதி’? பார்த்தசாரதியும் ஆயுதம் எடுக்கவில்லையே.

மிக அழகு, எனக்கே ஆசையாக இருக்கிறது. ஆனால் இலங்கையில் சாரதி என்றால் டிரைவர். ஓட்டுநர் உரிமமே அங்கே ‘சாரதி அனுமதிப்பத்திரம்’. அணிப் பேருந்தை ஓட்டுகிறவருக்கு அப்புறம் என்ன பெயர் வைப்பது?

ஆகவே என் பரிந்துரை ‘பந்தய நெறியாளர்’. வெறும் ‘நெறியாளர்’ என்றால் தொலைக்காட்சி விவாதத்தில் எல்லாரையும் குறுக்கே வெட்டுகிறவர் வந்து நிற்பார், அது உண்மை. ‘பந்தய’ சேர்ந்தால் அந்த ஆள் போய்விடுகிறார். ஈழத்தில் நாடகத்தை நடத்துவது நெறியாள்கை. இங்கே முனைவர் பட்ட ஆய்வுக்கும் நெறியாளர் உண்டு. தான் ஒருமுறை அந்தப் பாடுபட்டவர், இப்போது இன்னொருவரை முடிக்க வைக்கிறார். கிமாருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இரண்டாவது காரில் வருபவருக்குத் ‘துணை நெறியாளர்’ என்று நீட்டவும் வசதி.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “1976இல் கிமார் ஜித்தான் அணியின் பந்தய நெறியாளர் ஆனார்.” உறுத்தவில்லை. மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

பட்டியலில் அடுத்தது, அணித் தலைவனுக்காக முன்னால் போய் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு, பாட்டில் சுமந்து ஓடும் ‘டொமெஸ்தீக்’. அகராதிப்படி ‘வேலைக்காரன்’. அதை யாரும் முன்மொழிய வேண்டாம் என்று இப்போதே கேட்டுக்கொள்கிறேன். ‘துணையோட்டி’ பற்றி என்ன நினைக்கிறீர்கள்?