நெகட்டிவ் என்று வந்து பிறகு மாறிய மார்புக் கட்டிகள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மெழுகுக்கட்டி:

ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வந்த மாஸ்டெக்டமி, அதாவது முழுதாக எடுத்த மார்பு. ஈஆர் (ஈஸ்ட்ரோஜன் ஏற்பி) 0, பிஆர் (புரோஜெஸ்டிரோன் ஏற்பி) 0, ஹெர்2 (வளர்ச்சி ஏற்பி) 1+, அதுவும் நெகட்டிவ் கணக்குதான். டிரிப்பிள் நெகட்டிவ் என்று அறிக்கை டைப் ஆகிவிட்டது. கையெழுத்துக்கு முன் ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினால், ஓரத்தில் ஒரு சாதாரணப் பால்குழாய். புற்று தொடாத குழாய், இரண்டு அடுக்குச் செல்லும் ஒழுங்காக இருக்கிறது. அந்தக் குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவாவது உட்கரு பழுப்பாக ஏறியிருக்க வேண்டும், ஈஆர் இருக்கிறது என்பதற்கு அந்தப் பழுப்புதான் அடையாளம். ஒன்றுகூட இல்லை. முழுக்க நீலம்.

நல்ல குழாயே நிறம் ஏற்கவில்லை என்றால் அந்த ஸ்லைடு எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம். "ஈஆர் நெகட்டிவ்" என்று எழுதக் கூடாது, "மதிப்பிட இயலாது" என்றுதான் எழுத வேண்டும். அதே அம்மாவின் ஊசி பயாப்சித் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கைத் தேடி எடுத்து ஈஆர் போட்டால் 90 சதவீதத்துக்கு மேல் அழுத்தமான பழுப்பு. ஹார்மோனை நம்பி வளரும் லூமினல் வகைக் கட்டி அது. அறிக்கை அப்படியே போயிருந்தால் அந்த அம்மாவுக்கு ஐந்து வருட லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை இல்லாமல் போயிருக்கும்.

காரணம் வாளிதான். சனிக்கிழமை மதியம் அறுவை. மார்பை முழுசாக, ஒரு வெட்டுகூடப் போடாமல் ஃபார்மலின் (திசு கெடாமல் காக்கும் மருந்து) வாளியில் இறக்கி மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில்தான் கத்தி பட்டது. ஃபார்மலின் திசுவுக்குள் மணிக்கு 1 மில்லிமீட்டர் அளவில்தான் போகும், ஆழம் கூடக் கூட இன்னும் மெதுவாகும், கொழுப்பில் அதைவிட மோசம். தோலுக்கு 4 சென்டிமீட்டர் கீழே இருந்த கட்டி எத்தனை மணி நேரம் பச்சையாகவே கிடந்திருக்கும்? வெளியே வெந்து, உள்ளே அழுகின மாதிரி.

கட்டியை வெட்டி எடுத்ததிலிருந்து 1 மணி நேரத்துக்குள் ஃபார்மலின் பட வேண்டும். அதில் கிடக்கிற நேரம் 6 மணிக்குக் குறையவும் கூடாது, 72-ஐத் தாண்டவும் கூடாது. வாளியில் போடும் முன் விளிம்புக்கு மை தடவி, பின்பக்கத்திலிருந்து 1 சென்டிமீட்டர் இடைவெளியில் வெட்ட வேண்டும். சீலா மீனைத் துண்டு போடுகிற மாதிரி, ஆனால் தோல் பக்கம் ஒட்டிக்கொண்டே இருக்கட்டும். வெட்டுகளுக்கு நடுவே காஸ் துணி செருகினால் மருந்து உள்ளே இறங்கும்.

இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

உப்புத்தண்ணி:

தொண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஜாடி. மூடியைத் திறக்கும் முன்பே தெரிந்தது, அடியில் வெள்ளையாகப் பொடி. ஃபார்மலினைக் கிணற்றுத் தண்ணீரில் கலந்திருக்கிறார்கள். நம்ம கடலோரத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பஃபருக்குப் போட்ட பாஸ்பேட் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. பிறகு அமிலத்தன்மை ஏறாமல் காக்க என்ன இருக்கிறது? ஸ்லைடு முழுக்க ரத்தம் இருக்கும் இடமெல்லாம் பழுப்புக் கறுப்புத் துகள். அதை ஈஆர் நிறம் என்று ஒருவர் எண்ணியும் விட்டார். உட்கருவுக்குள் இருக்கிறதா, மேலே தூவினாற்போல் கிடக்கிறதா என்று ஃபோகஸை ஏற்றி இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அளவு: கடையில் வருகிற 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மில்லி, காய்ச்சி வடித்த தண்ணீர் 900 மில்லி, சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம். பிஹெச் 7-க்கும் 7.4-க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஆர்ஓ தண்ணீர் இருந்தாலும் பரவாயில்லை, குழாய்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். திசுவைவிட மருந்து 10 மடங்கு.

சிடி31:

மெழுகுக்கட்டி அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் புரதத்துக்குச் சரி. ஐஹெச்சியில், அதாவது ஆன்டிபாடி கொண்டு நிறம் ஏற்றுவதில், நாம் பார்ப்பது புரதம். மரபணு வெளிப்பாட்டை ஆர்என்ஏ-வில் அளக்கிறவர்களுக்கு 1 மணி நேரம் என்பதே நீளம். நல்ல குழாய் பழுப்பாக இருந்தது, ஐஹெச்சி பிரமாதம், ஆனால் ஆர்என்ஏ தப்பு: அப்படி வந்த கட்டி ஒன்று இருக்கிறது.

ஒரே கட்டியிலிருந்து இரண்டு துண்டு. ஒன்று வெட்டிய 10 நிமிடத்தில் ஆர்என்ஏவைக் காக்கும் ஆர்என்ஏலேட்டர் திரவத்தில் விழுந்தது. மற்றது தையல் முடியும்வரை டிரேயில் ஈரக் காஸுக்கு அடியில் கிடந்தது. இஎஸ்ஆர்1 (ஈஆரின் மரபணு), காட்டா3, ஃபாக்ஸ்ஏ1 மரபணுக்கள் மூன்றும் இரண்டு துண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இரண்டாவது துண்டில் ஃபாஸ், ஜன் என்ற இரண்டு மரபணுக்களும் பிசிஆரில் (மரபணுவைப் படியெடுத்துப் பெருக்கி அளக்கும் முறை) 4 சுழற்சி முன்னாலேயே எழுந்துவிட்டன. ஒரு சுழற்சி என்றால் இரண்டு மடங்கு, 4 சுழற்சி 16 மடங்கு. இது புற்றின் குணம் இல்லை. ரத்தம் நின்றதும் செல் போடுகிற கூச்சல். கட்டிக்குள் செல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, மூச்சுத் திணறும்போது மரபணுக்களை ஏற்றி இறக்குகிறது. அந்த எண்ணை வைத்து "இந்தக் கட்டியில் ஃபாஸ் கூடுதல்" என்று ஒருவர் ஆய்வேட்டில் எழுதியிருந்தார்.

இன்னொன்று, ஜிஏபிடிஹெச் என்ற மரபணு ஒன்றை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்தால் அதுவே ஏறும். அளவுகோலே நீண்டால் எதை அளக்கிறது? புற்று திரும்ப வரும் வாய்ப்பை மதிப்பெண்ணாகச் சொல்லும் 21 மரபணுச் சோதனையில் 16 புற்று சார்ந்தவை, மீதி 5 ஒப்பீட்டுக்கு மட்டுமே: ஏசிடிபி, ஜிஏபிடிஹெச், ஜியுஎஸ், ஆர்பிஎல்பி0, டிஎஃப்ஆர்சி. அஞ்சின் சராசரி என்பதால் ஒன்று ஆடினாலும் மற்றவை தாங்கும்.

ஆர்என்ஏலேட்டர் வைத்திருக்கிறவர்களுக்கு: துண்டின் ஏதாவது ஒரு பக்கம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், திரவம் குறைந்தது 5 மடங்கு. 25 டிகிரியில் 1 வாரம் தாங்கும், 37 டிகிரியில் 1 நாள்தான். மே மாதம் ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் அனுப்பினால் எந்தக் கணக்கு என்று நீங்களே பாருங்கள். வாங்கியதும் நேராக மைனஸ் 80-இல் போடக் கூடாது. ஒரு ராத்திரி 4 டிகிரியில் ஊறட்டும், பிறகு திரவத்தை வடித்துவிட்டுப் போடுங்கள்.

மெழுகு பிளாக்கிலிருந்து எடுத்தால் ஆர்என்ஏ எப்படியும் நொறுங்கித்தான் இருக்கும். ஆர்என்ஏ எவ்வளவு முழுசாக இருக்கிறது என்று சொல்லும் ஆர்ஐஎன் எண் அங்கே உதவாது. 200 நியூக்ளியோடைடுக்கு மேல் நீளம் உள்ள துண்டுகள் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 30-க்குக் கீழே போனால் சீக்வென்சிங்குக்குப் பணம் கட்ட வேண்டாம். பிசிஆரில் பெருகும் துண்டு 60–100 நியூக்ளியோடைடுக்குள் விழுகிற மாதிரி பிரைமரை (தொடக்கத் துண்டை) வையுங்கள். டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போடாத சாம்பிளில் டிஎன்ஏவே ஆர்என்ஏ போல எழும்பும், அதனால் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் போடாத குழாய் ஒன்று தட்டில் கட்டாயம் இருக்கட்டும்.

பாக் ஜலசந்தி:

எல்லாப் பழியையும் ஃபார்மலின் மேலேயே போடுகிறீர்கள். கட்டியே மாறும். அதையும் எழுதுங்கள்.

மண்டபம் பக்கத்து அம்மா. முதல் கட்டியில் ஈஆர் 90 சதவீதம். ஆறு வருடம் கழித்து முதுகெலும்பில் வந்தது. எலும்பு பயாப்சியில் ஈஆர் 0, ஹெர்2 0. புற்றுச் செல் கண்ணெதிரே கூட்டமாக இருக்கிறது, நிறம் மட்டும் இல்லை. வருடக்கணக்காக ஹார்மோன் மாத்திரை தின்ற கட்டியில் ஈஆரை நம்பியிருந்த செல்கள் செத்து, நம்பாதவை பெருகிவிடும். இஎஸ்ஆர்1 மரபணுவின் வாசலில் மெத்தில் ஒட்டி அது ஊமையாவதும் உண்டு. ஹெர்2-வைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து போட்ட பிறகு ஹெர்2 காணாமல் போன கட்டிகளையும் பார்க்கிறோம். அதனால்தான் திரும்ப வந்த இடத்தில் மறுபடி பயாப்சி எடுக்கச் சொல்கிறார்கள். பழைய அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு புதுக் கட்டிக்கு மருந்து எழுத முடியாது.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். அரோமட்டேஸ் தடுப்பான் (லெட்ரோசோல் போன்ற மாத்திரை) எடுத்தவர்களுக்கு இஎஸ்ஆர்1-இல் ஒய்537எஸ், டி538ஜி போல மாற்றங்கள் வரும். அங்கே ஈஆர் காணாமல் போவதில்லை. ஸ்லைடில் பழுப்பாகவே நிற்கும், ஆனால் ஈஸ்ட்ரோஜன் இல்லாமலே வேலை செய்யும். அது வேறு, இது வேறு.

மெழுகுக்கட்டி:

சார், கட்டி மாறும் என்பதை மறுக்கவில்லை. ஒரே கேள்வி: அந்த எலும்பை எதில் ஊறவைத்தார்கள்?

எலும்பைச் சீவ வேண்டும் என்றால் சுண்ணாம்பை எடுத்தாக வேண்டும். அவசரத்துக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சில மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிடும், பிளாக்கும் அழகாக வரும். ஆனால் டிஎன்ஏவும் ஆர்என்ஏவும் கரைந்து போகும், ஈஆர், ஹெர்2 நிறமும் குறையும். மரபணுவை ஒளிரும் புள்ளியாகக் காட்டும் ஃபிஷ் சோதனை போட்டால் புள்ளியே தெரியாது. பிஹெச் 7.4-இல் சுண்ணாம்பை மெதுவாக இழுத்தெடுக்கும் 14 சதவீத இடிடிஏ-வில் போட்டால் நாள் கணக்கில் ஆகும், ஆனால் எல்லாம் மிஞ்சும். எலும்பு பயாப்சி ஈஆர் 0 என்று வந்தால் அதில் நல்ல பால்குழாய் ஒன்றும் இருக்காது, ஒப்பிட்டுப் பார்க்க ஆளே இல்லை. கட்டி மாறியதா, அமிலம் தின்றதா என்று அந்த ஸ்லைடு சொல்லாது.

தியேட்டர் பக்கம்:

இங்கே எழுதுகிற டாக்டர்களுக்கும் லேப் தம்பிகளுக்கும் ஒன்று. பிழை பாதி எங்கள் டிரேயில்தான் நடக்கிறது, ஆனால் எங்களிடம் யாரும் சொல்வதில்லை. கீழக்கரைப் பக்கத்து லாத்தா ஒருவருடைய பயாப்சியை "சாம்பிள் கெட்டுவிடும், ஐஸில் வை" என்று ஃபார்மலின் டப்பாவோடு மீன் ஐஸுக்குள் புதைத்து அனுப்பினார்கள். குளிரில் ஃபார்மலின் வேலை மந்தமாகும் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. மறுபடி ஊசி குத்தினார்கள்.

இனி அனுப்புகிறவர்கள் இப்படிச் செய்யுங்கள். மீனுக்குத்தான் ஐஸ். ஃபார்மலினுக்குள் போன திசுவுக்கு ஐஸ் வேண்டாம், சாதாரண அறைவெப்பம் போதும். ஃபார்மலினுக்குள் போகாத பச்சைத் திசுவை வைக்க நேர்ந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு, பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் தண்ணீர் திசுவில் படக் கூடாது. சலைனில் மிதக்க விடாதீர்கள். டப்பாவில் இரண்டு நேரம் எழுதுங்கள்: வெட்டி எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். "காலை" என்று எழுதாதீர்கள், 10.40 என்று எழுதுங்கள். மூடியில் எழுதாதீர்கள், மூடி மாறிப் போகும். டப்பாவின் உடம்பில், பென்சிலால். பேனா மை ஃபார்மலின் சிந்தினால் அழிந்துவிடும். வாய் அகலமான டப்பா எடுங்கள். இறுக்கமான வாயில் திணித்த திசு ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது, லேபில் கிழித்துத்தான் எடுப்பார்கள். விளிம்பு தெரிய நூல் போடுங்கள், மேல்பக்கம் குட்டை, வெளிப்பக்கம் நீளம். சர்ஜன் கையில் படம் ஒன்று கிறுக்கித் தந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போடுகிற பெரிய ஆபரேஷனுக்கு, வெட்டிப் பிளக்க ஆள் இருக்கிறாரா என்று காலையிலேயே லேபுக்கு ஒரு போன் போடுங்கள். பிளாக்கைக் காரில் கொண்டு போகிறவர்கள் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், மெழுகு 56–58 டிகிரியில் உருகும்.

21இல்ஒன்று:

சிடி31 சொன்ன சோதனை பற்றி ஒன்று விட்டுப்போச்சு. ஊசி குத்திய இடம்.

பயாப்சி எடுத்துச் சில வாரம் கழித்து அறுவை. கட்டிக்கு நடுவே ஊசி போன பாதையில் புண் ஆறுகிற திசு, அதில் பெருகிக்கொண்டிருக்கிற நல்ல செல்கள். அந்த இடத்தையும் சேர்த்து வழித்தெடுத்து அனுப்பினால் கி-67, சர்வைவின், சைக்ளின் பி1 என்ற செல் பெருக்க மரபணுக்கள் எல்லாம் ஏறி வரும். கிரேடு 1, ஈஆர் அழுத்தம், கி-67 ஸ்லைடில் 5 சதவீதம், ஆனால் மதிப்பெண் மட்டும் உயரத்தில். ஸ்லைடும் மதிப்பெண்ணும் இப்படி முறைத்துக்கொண்டால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். ஹெச்-இ (வழக்கமான நிறம் ஏற்றிய) ஸ்லைடில் கட்டியைச் சுற்றிப் பேனாவால் கோடு போடுங்கள், ஊசித் தடத்தை வெளியே விடுங்கள். 10 மைக்ரான் நிறமில்லா ஸ்லைடுகளை அதன் மேல் வைத்து பிளேடால் உள்பக்கத்தை மட்டும் சுரண்டுங்கள்.

நிணச்செல் நிறைந்த டிரிப்பிள் நெகட்டிவ் கட்டியிலும் இதே சிக்கல். நோய்எதிர்ப்பு மரபணுக்கள் கூடுதல் என்று வரும். கூடுதல் உண்மைதான், ஆனால் அது புற்றுச் செல்லின் குரல் இல்லை, கூட வந்து நிற்கிற நிணச்செல்லின் குரல்.

சீவிய ஸ்லைடை மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். 6 வாரம் தாண்டினால் ஐஹெச்சிக்கு ஆகாது. நம்ம ஊர் ஈரக்காற்றில் அதற்கும் முன்பே நிறம் மங்கும். பிளாக்காக வைத்திருந்து, தேவைப்படும்போது சீவுங்கள்.

பாக் ஜலசந்தி:

மெழுகுக்கட்டி கேட்டது சரி. விசாரித்ததில் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், ஒரு ராத்திரி முழுக்க.

அந்த ஊசியிலேயே எலும்பை ஒட்டி மென்மையாக வந்த ஒரு நூல்துண்டைத் தனி பிளாக்காகப் போட்டிருக்கிறார்கள், அது அமிலத்துக்குள் போகவில்லை. சின்னது, ஆனால் ஹெச்-இ நிறத்தில் புற்றுச் செல் இருக்கிறது. அதில் ஈஆர், பிஆர், ஹெர்2 மூன்றும், கூடவே மார்பிலிருந்து வந்ததா என்று பார்க்க காட்டா3-யும் போடச் சொல்லியாச்சு. திங்கட்கிழமை ஸ்லைடு வரும். வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.