12 கிலோ குறைத்த பிறகு ஹேண்டில் ஆட்டம் கொடுக்கிறது, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

பின்சீட்_இல்லை:

வணக்கம் நண்பர்களே. வண்டி 600 சிசி, நான்கு சிலிண்டர் ஸ்போர்ட் பைக். கம்பெனி அமைப்பில் டேங்க் நிரம்ப 191 கிலோ இருந்தது. ஒவ்வொரு பாகமாக மாற்றி இப்போது 179-க்கு வந்திருக்கிறது. பெரிய பங்கு டைட்டானியம் முழு எக்சாஸ்ட், அதிலேயே நாலரை கிலோ போய்விட்டது. ஈய பேட்டரியை எடுத்துவிட்டு லித்தியம் வைத்ததில் இரண்டே கால் கிலோ. பின்சீட், பின் ஃபுட் பெக், அதன் பிராக்கெட், நீளமான வால் மட்கார்டு எல்லாவற்றையும் கழற்றியதில் மூன்று கிலோ. 525 அளவு செயினுக்குப் பதில் அகலம் குறைந்த 520, பின் ஸ்பிராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) அலுமினியம். ஹேண்டில் முனையில் இருந்த இரும்புக் குண்டுகளுக்குப் பதிலாகக் கடைந்து எடுத்த சிறிய அலுமினிய மூடிகள். ஹேண்டில் சட்டென்று ஆடாமல் அடக்கும் ஸ்டியரிங் டேம்பரையும் கழற்றி வைத்திருக்கிறேன். மீதி, ஃபேரிங்கில் (வண்டியின் வெளி உறை) டைட்டானியம் போல்ட்டுகள்.

வண்டி சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வளைவு முடிந்து த்ராட்டிலைத் திறக்கும்போது ரோடு கொஞ்சம் மேடு பள்ளமாக இருந்தால் ஹேண்டில் இடமும் வலமுமாகப் படபடவென்று அடிக்கிறது. இரண்டு மூன்று அடி அடித்துவிட்டுத் தானாக அடங்குகிறது. மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் துள்ளுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப் போகின்றன. த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட்டர் முதல் அழுத்தலில் டக் என்று நின்றுவிடுகிறது, மூன்றாவது தடவை நன்றாகச் சுற்றுகிறது. மீட்டரில் பேட்டரி 12.9 வோல்ட் காட்டுகிறது, ஆக அது நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஃபோர்க்கை (முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்கள்) அதைப் பிடிக்கும் கிளாம்பில் ஐந்து மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் முன்பக்கம் அழுந்தி ஆட்டம் நிற்கும் என்று ஒருவர் சொன்னார். செய்யலாமா?

ஸ்பேனர்_பெட்டி:

ஃபோர்க்கைத் தொடாதீர்கள். அதை மேலே ஏற்றினால் முன்பக்கம் தாழும், ஃபோர்க் சாய்ந்திருக்கும் ரேக் கோணம் இன்னும் செங்குத்தாகும், டிரெயில் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) குறையும். டிரெயில்தான் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடித்து வைப்பது. ஏற்கனவே ஆடுகிற வண்டியில் அதைக் குறைத்தால் ஆட்டம் கூடத்தான் செய்யும்.

நீங்கள் எவ்வளவு குறைத்தீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். எங்கிருந்து குறைத்தீர்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். பின்சீட், மட்கார்டு, சைலன்சர், பேட்டரி என்று பட்டியலைப் பார்த்தால் பெரும்பகுதி பின்சக்கரத்தின் மேல் இருந்த எடை. ஆனால் பின் ஸ்பிரிங் அதேதான். பாரம் குறைந்ததால் பின்பக்கம் உயர்ந்து நிற்கிறது. நீங்கள் கேட்காமலேயே வண்டியின் ஸ்டியரிங் வடிவம் மாறிவிட்டது.

இரண்டு வேலை செய்யுங்கள். ஒரே உயரமுள்ள இரண்டு எடை மெஷின் எடுத்து, முன்சக்கரம் ஒன்றிலும் பின்சக்கரம் மற்றொன்றிலும் நிற்கும்படி வைத்துப் படியுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று வண்டியை விரலால் மட்டும் தாங்கிக்கொள்ளட்டும். அடுத்தது சேக், அதாவது பாரத்தில் சஸ்பென்ஷன் அழுந்தும் அளவு. பின் அச்சுக்கு நேர் மேலே வால் பகுதியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அச்சிலிருந்து டேப் வரை மூன்று தடவை அளக்க வேண்டும். சக்கரம் தரையில் படாமல் தூக்கியபோது ஒன்று, வண்டி தானே நிற்கும்போது ஒன்று, நீங்கள் ஹெல்மெட் ஜாக்கெட்டோடு ஓட்டும் நிலையில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் காலி சேக்கும் ஆள் சேக்கும் கிடைக்கும். முன்பக்கத்துக்கும் அப்படியே. உங்கள் எடையையும் சொல்லுங்கள்.

வளைவு_வாசி:

அண்ணன் சொன்னதை அளந்து முடிப்பதற்குள் டேம்பரைத் திரும்பப் போட்டுவிடுங்கள். அரைக் கிலோவுக்காக அதைக் கழற்றியிருக்க வேண்டியதில்லை. கம்பெனி ஒரு வண்டிக்கு டேம்பர் வைத்துக் கொடுத்தால், அந்த வண்டியின் வீல்பேஸும் (இரண்டு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையிலான நீளம்) டிரெயிலும் அதை நம்பித்தான் போடப்பட்டிருக்கும். அதற்காக டேம்பரை இறுக்கி ஆட்டத்தை மறைக்கவும் வேண்டாம். நடு அளவில் வைத்து மற்றதைத் தேடுங்கள்.

ஹேண்டில் முனைக் குண்டுகளும் அலங்காரத்துக்கு இல்லை. இன்ஜின் அதிர்வு ஹேண்டிலுக்கு வரும்போது அந்தக் கனம்தான் அதை விழுங்குகிறது, ஹேண்டில் சட்டென்று திரும்பாமலும் பிடிக்கிறது. விரல் மரத்துப் போவதற்கு அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன்.

இன்னும் இரண்டு சோதனை. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக ஓரத்திலிருந்து ஓரத்துக்குத் திருப்புங்கள். நடுவில் பள்ளத்தில் விழுவது போல ஒரு பிடிப்பு தெரிந்தால் ஸ்டியரிங் பேரிங் போய்விட்டது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும்போது கடகடவென்றால் லூஸ்.

அப்புறம் செயின். 520-ம் 525-ம் ஒரே பிட்ச்தான் (அடுத்தடுத்த பின்களுக்கு இடையிலான தூரம்), 15.875 மில்லிமீட்டர். உள் அகலம் மட்டும் வேறு, ஒன்று 6.35, மற்றது 7.94. ஆகவே முன் பின் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் 520-க்கு மாற்றியிருக்க வேண்டும். செயின் மாற்றினால் பின் அச்சை லூஸாக்கி நகர்த்தியிருப்பீர்கள், ஸ்விங் ஆர்மில் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) இருக்கும் கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். பின் ஸ்பிராக்கெட்டின் முகத்தில் ஒரு நேரான கம்பியை வைத்து, செயின் அதற்கு இணையாக ஓடுகிறதா என்று பின்னால் குனிந்து பாருங்கள்.

மின்கம்பி:

பேட்டரி பற்றி மட்டும் சொல்கிறேன். 12.9 வோல்ட் என்பது ஈய பேட்டரிக்கு நிறைந்த அளவு. உங்களுடையது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் கதையே வேறு. அதில் நான்கு செல், ஓய்வில் நிறைந்திருந்தால் 13.3-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 12.9 என்றால் பெரும்பகுதி காலி. அதிலும் இந்த வகையில் வோல்ட் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நின்று கடைசியில் சட்டென்று விழும், அதனால் மீட்டர் ஏமாற்றும்.

லேபிளில் இருக்கும் ஆம்பியர் அளவையும் பாருங்கள். பல லித்தியம் பேட்டரிகளில் "ஈயத்துக்கு இணையான" அளவைத்தான் பெரிதாக அச்சிடுகிறார்கள். உண்மையான கொள்ளளவு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். ஸ்டார்ட்டரைச் சுற்றும் வலு உண்டு, ஆனால் அலாரமும் கடிகாரமும் நாள் கணக்கில் உறிஞ்சினால் தாங்காது. பழைய சார்ஜரில் சல்ஃபேட் நீக்கும் முறை இருந்தால் அதில் போடாதீர்கள். வண்டியின் சார்ஜிங்கை இன்ஜின் வேகம் 5000 சுற்றில் அளந்து பாருங்கள். 13.8-க்கும் 14.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 15-ஐத் தொட்டால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றாமல் ஓட்டவே வேண்டாம்.

குளிரில் முதல் அழுத்தல் தோற்று மூன்றாவது ஜெயிப்பது இந்த பேட்டரியின் குணம். குளிர்ந்த செல்லின் உள் தடை அதிகம், கரண்ட் ஓடினால் சூடாகிக் குறையும். ஸ்டார்ட்டரை அழுத்துவதற்கு முன் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிடுங்கள்.

பின்சீட்_இல்லை:

எல்லோருக்கும் நன்றி. அளந்துவிட்டேன். மாற்றங்களுக்கு முன் எழுதி வைத்திருந்த எடை முன் 97, பின் 94. இப்போது முன் 94, பின் 85. என் எடை 62, கியரோடு 70.

பின் காலி சேக் 1 மில்லிமீட்டர், ஆள் சேக் 24. முன்பக்கம் ஆள் சேக் 36. ஸ்டியரிங் பேரிங்கில் பிடிப்பும் இல்லை, லூஸும் இல்லை. செயின் நேராக இருக்கிறது, இரண்டு ஸ்பிராக்கெட்டும் 520.

ஸ்பேனர்_பெட்டி:

விஷயம் அங்கேயே இருக்கிறது. 12 கிலோவில் 9 பின்னால் போயிருக்கிறது. காலி சேக் 1 என்றால் பின் சாக் அப்சார்பர் முழுக்க நீண்டு முட்டிக்கொண்டு நிற்கிறது. ரோட்டில் ஒரு பள்ளம் வரும்போது சக்கரம் கீழே இறங்கி அதைத் தொட வேண்டும். நீங்கள் உட்கார்ந்த பிறகும் அது இறங்க 24 மில்லிமீட்டர்தான் மிச்சம், த்ராட்டிலை மூடினால் அதிலும் பாதி போய்விடும். அதனால்தான் துள்ளுகிறது. பின்பக்கம் உயர்ந்து டிரெயில் குறைந்த வண்டியில், த்ராட்டிலைத் திறந்து முன் டயர் இலேசாகும் நேரம் பார்த்து அந்தத் துள்ளலும் வந்தால் ஹேண்டில் அடிக்காமல் என்ன செய்யும்? அதை அடக்க டேம்பரும் இல்லை, முனைக் கனமும் இல்லை.

ரோட்டில் ஓட்டும் ஸ்போர்ட் வண்டிக்குப் பின்னால் காலி சேக் 5 முதல் 10, ஆள் சேக் 30 முதல் 35 என்று வைத்துக்கொள்ளலாம். பின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் அளவை, 3 மில்லிமீட்டர் குறையுங்கள். சாக் அப்சார்பரைச் சக்கரத்தோடு இணைக்கும் உங்கள் லிங்க்கேஜின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுக்கு இரண்டு என்பதால் சக்கரத்தில் அது 6 ஆகத் தெரியும். காலி 7, ஆள் 30 வர வேண்டும். இரண்டும் அளவுக்குள் வந்தால் ஸ்பிரிங் உங்களுக்குப் பொருந்துகிறது. காலி சேக் சரியாக இருந்தும் ஆள் சேக் 25-ஐத் தாண்டவில்லை என்றால்தான் மென்மையான ஸ்பிரிங் தேட வேண்டும். ரீபவுண்டை (அழுந்திய ஸ்பிரிங் திரும்பி நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) ஒரே ஒரு கிளிக் திறந்து பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு தடவையில் ஒரு மாற்றம், இல்லாவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

வெடிப்புச் சத்தத்துக்கு எக்சாஸ்ட் இணைப்புகளைப் பாருங்கள். எக்சாஸ்ட் பைப் இன்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள ஹெட்டர் கேஸ்கெட்டுக்குப் பக்கத்தில் கரிக்கோடு இருந்தால் அங்கே காற்று உள்ளே போகிறது. முழு எக்சாஸ்ட் மாற்றினால் ஃபியூயல் மேப்பையும் (எப்போது எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்ற கணினி அட்டவணை) அதற்கேற்ப மாற்ற வேண்டும், கலவை மெலிந்து ஓடினால் சூடு ஏறும். உங்கள் ஊர் விதிப்படி புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ரோட்டில் கட்டாயம் என்றால் அது உள்ள பைப்பையே போடுங்கள்.

பின்சீட்_இல்லை:

செய்து பார்த்தேன். பிரீலோட் குறைத்ததும் நீங்கள் சொன்ன 7-ம் 30-ம் அப்படியே வந்தன. டேம்பரையும் பழைய இரும்புக் குண்டுகளையும் போடாமல் அதே ரோட்டில் ஓட்டியபோதே பின் துள்ளல் போய்விட்டது, ஹேண்டில் ஒரு தடவை லேசாக அசைந்து நின்றது. பிறகு டேம்பர் போட்டேன், அந்த அசைவும் இல்லை. குண்டுகளைப் போட்ட பிறகு விரல் மரத்துப்போவதும் நின்றது. இப்போது எடை 180-க்குக் கொஞ்சம் குறைவு.

இரண்டாவது சிலிண்டரின் ஹெட்டர் கேஸ்கெட் ஒருபக்கம் நசுங்காமல் இருந்தது, கரி படிந்திருந்தது. புதுசு போட்டு ஒரே சீராக இறுக்கியதும் வெடிப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டது. மேப் அடுத்த வாரம் டைனோவில் (இன்ஜின் பவரை அளக்கும் மெஷின்) செய்யப்போகிறேன். பேட்டரியைச் சரியான சார்ஜரில் போட்டேன், ஓய்வில் 13.3 நிற்கிறது. 5000 சுற்றில் 14.3.

அடுத்து பிரேக் காலிபர் போல்ட்டை டைட்டானியத்திலும், முன் அச்சை அலுமினியத்தில் கடைந்தும் போட நினைக்கிறேன். டிஸ்கில் கூடுதல் துளை போட்டுத் தரவும் ஒரு லேத் பட்டறை தயாராக இருக்கிறது.

ஸ்பேனர்_பெட்டி:

டிஸ்கில் துளை வேண்டவே வேண்டாம். துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் தொடங்கும், சூட்டைத் தாங்கும் உலோகமும் குறையும். அச்சும் அப்படியே. இரும்பின் அடர்த்தி 7.85, அலுமினியம் 2.7 என்று பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வளையும் தன்மையில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இளகியது, மறுபடி மறுபடி வரும் அடியில் சோர்ந்து உடையும். முன் அச்சு உடைந்தால் அதற்குப் பிறகு ஓட்டுபவர் கையில் எதுவும் இல்லை.

காலிபரில் டைட்டானியம் போல்ட் போடலாம், தரச்சான்று உள்ளதாக, தலை முழுக்க சரியாகக் கடைந்ததாக இருந்தால். டைட்டானியம் மரையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், அதைத் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசை தடவாமல் ஏற்றக்கூடாது. தடவினால் உராய்வு குறைவதால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்கு அளவு) போல்ட் அதிகமாக இழுபடும், ஆகவே போல்ட் செய்தவர் கொடுத்த டார்க்கைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனால் இரண்டு காலிபரிலும் சேர்த்து நீங்கள் மிச்சம் பிடிப்பது நூறு கிராமுக்குள்தான்.

உண்மையாகவே வித்தியாசம் வேண்டுமென்றால் ஃபோர்ஜ்டு (அழுத்தி உருவாக்கிய, எடை குறைந்த) சக்கரங்களுக்குப் பணம் சேர்த்து வையுங்கள். ரிம்மின் விளிம்பில் இருக்கும் ஒரு கிலோ, வேகமெடுக்கும்போது இரண்டு கிலோவாகக் கணக்கு, ஏனென்றால் அது முன்னால் நகரவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடையும் குறைவதால் டயர் ரோட்டோடு ஒட்டி ஓடும். அவை வந்ததும் பேரிங் ஸ்பேசர் நீளத்தை அளந்து பார்த்துவிட்டு ஏற்றுங்கள், சேக்கை மறுபடி எடுங்கள்.

பின்சீட்_இல்லை:

சரி அண்ணா, டிஸ்கையும் அச்சையும் விட்டுவிட்டேன். காலிபர் போல்ட்டும் கம்பெனியுடையதே இருக்கட்டும். டைனோ முடிந்ததும் மேப் வரைபடத்தை இங்கே போடுகிறேன்.